பால்மாப் பேணிக்குள்ளை கிடந்த குளிசை

போன கிழமை எங்கடை கிளினிக் நேர்ஸ் சுகந்தி மிஸ்ஸி வீட்டை வந்தவ. வந்ததும் வராததுமா, "பூமணியக்கா, எங்களுக்குப் புது மிசின் வந்திட்டுது, இனிக் குடல் கிளினிக் ரத்தம் கொழும்புக்குப் போகத் தேவையில்லை" எண்டு சொல்லுறா. காலமை எடுத்தால் பின்னேரம் றிப்போட்டாம். எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சுது. நாங்கள் அந்த ரத்தத்தைக் குழந்தைப்பிள்ளை மாதிரிப் பொத்திப் பொத்திக் கோச்சி, அதுதான் ரெயில், ஏத்தி அனுப்பிப்போட்டு, மூண்டு கிழமை வாயைப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். அந்தக் கதையளைச் சொல்லுங்கோ, ஆஸ்பத்திரி நலன்புரிச் சங்கத்து மலருக்கு நான் எழுதுறன் எண்டா. நான் சொல்லுறன், அவ எழுதுறா. எங்கையாவது வடிவான தமிழ் வந்தால் அது அவவின்ரை வேலை, என்னை ஏசாதையுங்கோ.

நான் ஆஸ்பத்திரியிலை அற்றென்டனா இருபத்தேழு வரியம் வேலை செய்தனான். முதல் பதினெட்டு வரியமும் கூட்டினன், கழுவினன், தள்ளுவண்டில் தள்ளினன். அதிலை சொல்ல ஒண்டுமில்லை. ஆம்பிளையள் வாட்டிலை கட்டிலுக்குக் கீழை பலாப்பழம் ஒளிச்ச கதையொண்டு இருக்கு, அதைச் சொல்ல வெளிக்கிட்டால் மலர் காணாது. கடைசி ஒன்பது வரியம்தான் குடல் கிளினிக். அங்கை போட்டாப் பிறகுதான் எனக்கு வேலை எண்டால் என்னெண்டு விளங்கினது.

குடல் கிளினிக்குக்கு வாறது குடலிலை புண் வந்த சனம். வயித்துநோ, ரத்தமாப் போறது, ஒரு நாளைக்குப் பத்துத் தரம், பதினைஞ்சு தரம் கக்கூசுக்கு ஓட்டம். இவையளுக்கு எட்டுக் கிழமைக்கு ஒருக்கா ஒரு விலைகூடின மருந்தைச் சேலைன் மாதிரிக் கதிரையிலை இருத்தி ரெண்டு மூண்டு மணித்தியாலம் ஏத்துறது. அதை நாங்கள் ஊசி எண்டுதான் சொல்லுறது. அதோடை ஒவ்வொரு நாளும் ரெண்டு சின்ன மஞ்சள் மாத்திரை, நாங்கள் குளிசை எண்டு சொல்லுறது. ரெண்டும் சேர்ந்தால்தான் பலன்.

இப்ப இந்த ஊசி உடம்பிலை எவ்வளவு நிக்குதெண்டு இடைக்கிடை பாக்கவேணும். அதுக்கு எடுக்கிற ரத்தத்தை ஊசி ஏத்த முந்தி எடுக்கவேணும். முந்தி. இதை நான் நித்திரையிலையும் சொல்லுவன், ஏனெண்டால் நான் இதிலைதான் முதல் அடி வாங்கினனான்.

என்னெண்டால், அச்சுவேலியிலையிருந்து ஒரு கிழவர் வாறவர். சரியான அவசரக்காறர். அண்டைக்கு மருமகளின்ரை தங்கச்சிக்குக் கலியாணம், பன்ரண்டு மணிக்கு முதல் என்னை விட்டிடுங்கோ எண்டு காலமை ஏழு மணியிலையிருந்து அரியண்டம். ரத்தம் எடுக்கிற மேசையிலை ஆறேழு பேர் நிக்கினம். நான் நல்லது செய்யிறன் எண்டு நினைச்சு, ஆளை அந்த மேசையைச் சுத்திக் கூட்டிக்கொண்டுபோய் நேரா ஊசிக் கதிரையிலை இருத்திப்போட்டன். மிஸ்ஸி ரத்தம் எடுத்தாச்சு எண்டு நினைச்சு ஊசியை ஏத்திப்போட்டா. எல்லாம் ஏறி முடிய, ரியூப்பைக் காணேல்லையே எண்டு மற்றக் கையிலை ரத்தம் எடுத்து அனுப்பினது. மூண்டு கிழமையாலை றிப்போட் வருது. அந்தக் கிழவற்றை உடம்பிலை ஆனைக்குக் காணக்கூடிய மருந்து நிக்குதாம்.

இந்த இடத்திலை எங்கடை பெரிய டொக்டரைப் பற்றிச் சொல்லவேணும். ஒல்லியான மனிசன். ஒருநாளும் சத்தம் போடமாட்டார். கோவம் வந்தால் "நல்லது" எண்டு சொல்லுவார். ஒரு நல்லது எண்டால் தப்பிக்கொள்ளலாம். ரெண்டு எண்டால் மிஸ்ஸிமார் தாலியைத் தொட்டுக் கும்பிடுவினம். றிப்போட் வந்தால் உடனை பாக்கமாட்டார், மேசையிலை குப்புறப் போடுவார். போட்டிட்டு, ரத்தம் எத்தினை மணிக்கு எடுத்தது, ஊசி எத்தினை மணிக்குத் தொடங்கினது எண்டு கேப்பார். நேரம் சரியெண்டால்தான் பேப்பரைத் திருப்புவார்.

அண்டைக்கு அவர் கேக்க, நான் ஒப்புக்கொண்டன். நல்லது எண்டார். பேப்பரைத் திருப்பிப் பாத்தார், நல்லது எண்டார். என்ரை முகத்தைப் பாத்தார், மூண்டாவது நல்லதும் வந்தது. பிறகு பக்கத்துக் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னவர். இருத்திப்போட்டுத்தான் கேட்டவர், "பூமணியம்மா, உங்கடை கிணத்திலை கோடைக்குத் தண்ணி மிஞ்சுமோ எண்டு பாக்கிறதெண்டால், மழைக்கு முதல் நாள் எட்டிப் பாப்பியளோ, மழை பெய்த அண்டைக்கு எட்டிப் பாப்பியளோ?"

அவ்வளவுதான். ஒன்பது வரியத்துக்கு அது காணுமாயிருந்தது. அதுக்குப் பிறகு நான் படலைக் காவல்காறி மாதிரி. கையிலை ரத்தம் குத்தின இடத்திலை பஞ்சு ஒட்டியிருக்கோ எண்டு பாத்துத்தான் ஆளைக் கதிரையிலை இருத்துவன். பஞ்சு இல்லாட்டி அமைச்சராயிருந்தாலும் வெளியிலை வாங்கிலை குந்தியிருக்கவேண்டியதுதான்.

ரத்தம் எடுத்தாப் பிறகும் லேசான வேலையில்லை. ரியூப்பை அரை மணித்தியாலம் நிமித்தி வைக்கவேணும், ஆட்டக்கூடாது. அது தயிர் மாதிரி உறையும். பிறகு லாப்பிலை சுத்துற மிசினிலை போட்டுச் சுத்த, மேலை மஞ்சள் தண்ணி நிக்கும். அதை மட்டும் சின்னக் குப்பியிலை எடுத்து, உறைய வைச்சு, சூடு ஏறாத வெள்ளை றெஜிபோம் பெட்டிக்குள்ளை ஐஸ் அடுக்கி அனுப்புறது. ஒருக்கா நான் அந்தப் பெட்டியை மடியிலை வைச்சுக்கொண்டு ஸ்ரேசனிலை நிக்க, மீன் எண்டு நினைச்சு ஒரு மனிசி என்ன விலை எண்டு கேட்டவ. நான் கடற்கரைப்பக்கம், கொழும்புத்துறை. அங்கத்தையாள் எண்டால் பெட்டிக்குள்ளை மீன்தான் இருக்கவேணும் எண்டு ஊருக்கு ஒரு நினைப்பு.

சரி, இனி ரமணன்ரை கதைக்கு வாறன்.

ரமணன் கொக்குவிலாலை போற மினிபஸ்ஸிலை கொண்டக்டர். முப்பத்திரண்டு வயசு. இந்த வருத்தம் உள்ளவனுக்கு உந்த வேலையைப்போலை ஒரு தண்டனை இல்லை. றூட்டிலை எந்தக் கடைக்குப் பின்னாலை கக்கூஸ் இருக்கு, எந்த வீட்டிலை நாய் இல்லை எண்டு அவனுக்கு மனப்பாடம். ரைவர் மனோகரன் நல்ல பெடியன். இவன்ரை முகம் மாறினால் ஹோல்ற் இல்லாத இடத்திலையும் பஸ்ஸை நிப்பாட்டுவான். சனம் என்னெண்டு கேட்டால், எஞ்சின் சூடு எண்டு சொல்லுவானாம். அந்த பஸ்ஸின்ரை எஞ்சின் ஒரு நாளைக்குப் பன்ரண்டு தரம் சூடாகிறதெண்டு றூட்டிலை பேர்.

தை மாசம் ஊசி தொடங்கினது. வைகாசிக்குள்ளை ஆள் ஆளாகிட்டான். கன்னம் வந்தது, மீசை வைச்சான். பஸ் எங்கையும் நிக்காமல் போகுதெண்டு சனம் அதிசயப்பட்டதாம். பொம்பிளையும் பாத்தாச்சு, சுன்னாகத்துப் பிள்ளை, வாற வரியம் கலியாணம்.

கார்த்திகையிலை திரும்பவும் எஞ்சின் சூடாகத் தொடங்கிட்டுது.

மார்கழி ஊசிக்கு முந்தி, முந்தித்தான், நானே பக்கத்திலை நிண்டு, ரத்தம் எடுத்து அனுப்பினது. தையிலை றிப்போட் வந்தது. பெரிய டொக்டர் நேரம் கேட்டார், நான் சொன்னன், பேப்பரைத் திருப்பினார். கிணறு அடியோடை வத்திப்போய்க் கிடக்கு. அதோடை, உடம்பு அந்த மருந்தை எதிர்க்கவும் தொடங்கிட்டுதாம். குளிசை ஒழுங்காப் போடுறீரோ எண்டு ரமணனைக் கேட்டார். ஓம் எண்டான். வேறை மாதிரித் திருப்பிக் கேட்டார். ஓம் டொக்டர் எண்டான். பிறகு என்னைப் பாத்தார்.

ஏனெண்டால் குளிசைக் கணக்கு என்ரை வேலை. குளிசை அடைச்சு வாற மட்டையளை முடிஞ்சாப் பிறகு வெறுமையாக் கொண்டுவாங்கோ எண்டு எல்லாருக்கும் சொல்லியிருந்தது. ஒரு மட்டையிலை பத்துக் குளிசை. எட்டுக் கிழமைக்குப் பதினொரு மட்டையும் ரெண்டு ஓட்டையும் வரவேணும். நான் வாசல்லை நிண்டு ஓட்டை ஓட்டையா எண்ணித்தான் உள்ளுக்கை விடுறது. ரமணன்ரை ஒவ்வொருக்காலும் பதினொரு மட்டையும் ரெண்டு ஓட்டையும். ஒண்டு கூடாது, ஒண்டு குறையாது. சரியா இருக்கு டொக்டர், என்ரை கண்ணாலை எண்ணினனான் எண்டு நெஞ்சை நிமித்திச் சொன்னன்.

இப்ப நினைச்சால் வெக்கமாக் கிடக்கு. ஒழுங்கா மருந்து போடுற சனத்தின்ரை கணக்கு ஒருநாளும் சரிவராது. ஒரு குளிசை அலுமாரிக்குக் கீழை உருண்டிருக்கும், ஒண்டைப் பேரப்பிள்ளை எடுத்து விளையாடியிருக்கும். அச்சொட்டா வந்தாலே அதிலை ஏதோ இருக்கு. அப்ப எனக்கு உந்தப் புத்தி வரேல்லை.

என்ரை சொல்லை நம்பித்தான் டொக்டர் முடிவெடுத்தவர். குளிசையும் போட்டு ஊசியும் ஏத்தி மருந்து நிக்கேல்லை எண்டால், இந்த மருந்து இவனுக்குத் தோத்துப்போச்சு. மாத்து மருந்து அப்ப எங்களிட்டை இல்லை. ஒருக்கா உள்ளுக்குக் கமரா விட்டுப் பாக்கிறது, புண் கூடவெண்டால் குடலிலை ஒரு துண்டை வெட்டி, வயித்திலை பை கட்டி விடுறது. பை எண்டவுடனை ரமணன்ரை முகத்திலை ரத்தமில்லை. பையோடை நெரிசல் பஸ்ஸிலை என்னெண்டு ஏறி இறங்கிறது, சுன்னாகத்துக்கு என்னெண்டு சொல்லி விடுறது எண்டு அவன் வாங்கிலை இருந்து என்னைக் கேட்டவன்.

கமரா விடுற அண்டைக்குக் காலமை. பச்சைச் சட்டை போட்டுவிடுறது என்ரை வேலை. அந்தச் சட்டைக்கு முடிச்சுப் பின்பக்கம். நான் முடிச்சைப் போடுவம் எண்டு முதுகுப் பக்கம் போறன், அங்கை சின்னச் சின்னத் தழும்பு. ஒரு பக்கம் நாலு, மற்றப் பக்கம் நாலு. கோடு கீறி வைச்ச மாதிரி வரிசை.

என்ன மோனை இது எண்டு கேட்டன். முள்ளுக்கம்பி வேலியிலை விழுந்தனான் அன்ரி எண்டான்.

"வேலி உன்ரை முதுகை அளந்துபாத்துக் குத்தினதோ? நான் நல்லூர்த் திருவிழாவிலை நாப்பது வரியமாக் காவடி பாத்தவள் ராசா. உது செடில் குத்தின தழும்பு."

ஆளின்ரை கழுத்து சிவந்துபோச்சு. முதுகிலை முள்ளுக் குத்தி, பின்னாலை ஒருத்தன் கயித்தை இழுத்துப் பிடிக்க ஆடி வாற காவடி அது. சும்மா எடுக்கமாட்டினம், பெரிய நேர்த்தி இருந்தால்தான். அந்த விரதத்திலை காலமைச் சாப்பாடு இல்லை, ஒரு நேரச் சாப்பாடு. குளிசை காலமை சாப்பிட்டாப் பிறகு போடுறது. எனக்கு மண்டைக்குள்ளை ஏதோ சுழண்டது. குளிசை என்ன செய்தனி எண்டு கேட்டன். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லுறான், "அன்ரி, அம்மாட்டைக் கேளுங்கோ. நான் வாய் திறக்கக்கூடாது."

தாய்க்காறி யோகமக்கா வெளியிலை வாங்கிலை இருந்தவ. மெலிஞ்ச மனிசி, நெத்தி நிறையத் திருநீறு. பக்கத்திலை இருந்து மெல்ல மெல்லக் கேக்க, மெல்ல மெல்ல வந்தது. மகனுக்குச் சுகம் வந்தால் மூண்டு வரியம் செடில் காவடி எடுப்பிக்கிறன் எண்டு முருகனுக்கு நேர்த்தி. நேர்த்தி வைச்சதை முடியுமட்டும் வெளியாக்களுக்குச் சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது. எங்கடை சனத்துக்குள்ளை இது உள்ளதுதான், நானும் என்ரை மகளுக்கு வைச்சதை என்ரை மனிசனுக்கே சொல்லேல்லை. ஆடியிலை விரதம் தொடங்கக் குளிசையை நிப்பாட்டினது. காவடி முடிஞ்சுது. அப்ப பெடியன் நல்ல சுகம். நேர்த்தி வைச்சுப்போட்டுக் குளிசையும் போட்டால் முருகனை நம்பேல்லை எண்டெல்லோ அர்த்தம் எண்டு அதோடை விட்டாச்சு.

அப்ப ஊசி என்னத்துக்கு ஏத்தினது எண்டு கேட்டன். ஊசி ஆஸ்பத்திரி ஏத்துறது, அது உங்கடை பாடு. குளிசை நாங்கள் கையாலை எடுத்துப் போடுறது, அதுதான் முருகனுக்குத் தெரியும் எண்டா. வழக்கறிஞருக்குப் படிக்கவேண்டிய மனிசி.

மட்டை மட்டும் எப்பிடி வெறுமையா வந்தது? கிளினிக்குக்கு முதல் நாள் தாயும் மகனும் இருந்து, பயத்தங்காய் உடைக்கிற மாதிரி நூற்றிப்பன்ரண்டு குளிசையையும் அமத்தி எடுத்து வெறும் பால்மாத் தகரப் பேணிக்குள்ளை போடுறது. மருந்தை எறியிறது பாவமெல்லோ.

நான் ஏசேல்லை. ஏச நேரமில்லை. கமரா முடிய ஒரு மணிக்குச் சத்திரசிகிச்சை டொக்டர் வாறார், ரெண்டு பேரும் இருந்து வெட்டுறதுக்கு நாள் குறிக்கப்போகினம். நான் யோகமக்காவின்ரை கையைப் பிடிச்சு எனக்குத் தெரிஞ்ச மாதிரிச் சொன்னன். ஊசி விருந்தாளி அக்கா. எங்கடை வளவுக்குள்ளை நாய் அவிட்டு நிண்டால் விருந்தாளி படலை திறப்பினமோ? மருந்தை எதிர்க்கிற உடம்புதான் அந்த நாய், குளிசைதான் அதைக் கட்டி வைக்கிற சங்கிலி. நீங்கள் சங்கிலியைக் கழட்டிப்போட்டு, விருந்தாளி வரேல்லை, வரேல்லை எண்டால் அவர் என்ன செய்வார்? நாய் கடிச்சு ஓடிப்போட்டார். டொக்டருக்குத் தெரியாது நாய் அவிட்டு நிக்குதெண்டு. அவர் வீட்டையே இடிக்கப்போறார்.

மனிசிக்கு விளங்கினது. கண்ணீர் பொலபொலவெண்டு வருது. ஆனால் வாய் மட்டும் திறக்கமாட்டன் எண்டு ஒரே பிடி. இன்னும் ரெண்டு வரியக் காவடி கிடக்கு, இப்ப டொக்டருக்குச் சொன்னால் நேர்த்தி முறிஞ்சு பெடியன் செத்துப்போவான் எண்டு நடுங்கிறா. நான் சொல்லட்டோ எண்டு கேட்டன். உங்களுக்குச் சொன்னதே பிழை, நீங்கள் சொன்னால் அதுவும் நான் சொன்ன மாதிரித்தான் எண்டா. எனக்கும் பயம்தான். நானும் முருகனைக் கும்பிடுறவள்.

அப்பதான் எனக்கு ஒண்டு பட்டது. "யோகமக்கா, சொல்லத்தானே கூடாது. பேணியைக் காட்டக்கூடாதெண்டு முருகன் சொன்னவரோ?"

மனிசி யோசிச்சா. யோசிச்சுப்போட்டு, அப்பிடியொண்டும் இல்லை எண்டா.

மனோகரனுக்குப் போன் போட்டது. அவன் அப்பதான் கொக்குவில் தாண்டி வாறான். சனத்தோடை பஸ்ஸைத் திருப்பி, ஒழுங்கைக்குள்ளை விட்டு, பேணியை எடுத்துக்கொண்டு நேரா ஆஸ்பத்திரி வாசல்லை கொண்டந்து நிப்பாட்டினான். உள்ளுக்கு இருந்த சனம் யன்னலாலை எட்டிப் பாக்குது. ஒரு கிழவி கொண்டக்டர் தம்பிக்கு என்னவாம் எண்டு கேட்டு, ஒரு இளநியும் குடுத்துவிட்டது.

பன்ரண்டே முக்காலுக்கு, கமரா முடிஞ்சு வந்த ரமணனோடை, நாங்கள் மூண்டு பேரும் பெரிய டொக்டரின்ரை அறைக்குள்ளை. யோகமக்கா பேணியை மேசையிலை வைச்சுப்போட்டு ரெண்டடி பின்னாலை போய் நிண்டா. டொக்டர் மூடியைத் திறந்தார். பேணி நிறைய மஞ்சள் குளிசை. இது என்னம்மா எண்டு கேட்டார். யோகமக்கா கூரையைப் பாத்தா. ரமணனைக் கேட்டார், அவன் சப்பாத்தைப் பாத்தான். என்னைப் பாத்தார். நான் ரமணனைத் தோளிலை பிடிச்சுத் திருப்பிப்போட்டு, பச்சைச் சட்டையின்ரை முடிச்சை அவிட்டு விட்டன்.

அந்த மனிசன் யாழ்ப்பாணத்திலை பிறந்து வளந்தவர். எட்டுத் தழும்பையும் ஒண்டொண்டாப் பாத்தார். நல்லது எண்டார். பேணியைப் பாத்து நல்லது எண்டார். நான் மூண்டாவதுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறன், வரேல்லை. கண்ணைத் திறந்து பாத்தால் சிரிக்கிறார். ஒன்பது வரியத்திலை அவற்றை பல்லை அண்டைக்குத்தான் கண்டனான்.

எண்ணச் சொன்னார். கிண்ணியிலை கொட்டிப் பத்துப் பத்தா எண்ணினன். முன்னூற்றி அறுபத்தி நாலு. உள்ளுக்கு இருக்கவேண்டியது முழுக்க வெளியிலை. டொக்டர் யோகமக்காவைப் பாத்துச் சொன்னார், "நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை அம்மா, நானும் ஒண்டும் கேக்கேல்லை. ஊசி தோக்கேல்லை. நாங்கள் அதைத் தனிய விட்டிட்டம்."

பிறகு சத்திரசிகிச்சை டொக்டருக்குப் போன் எடுத்து, நாள் குறிக்கவேண்டாம், எங்களுக்கு நாலு மாசம் தாங்கோ எண்டு சொன்னவர். எனக்கு ஏச்சு விழும் எண்டு பாத்தன். விழேல்லை. இனி மட்டை எண்ணாதையுங்கோ பூமணியம்மா, ஆக்களோடை கதையுங்கோ எண்டு மட்டும் சொன்னார். ஏச்சு விழுந்திருந்தால் சுகமாயிருந்திருக்கும்.

குளிசையை எடுத்தவுடனை முழுசாப் போடேலாது. அரைக் குளிசையிலை தொடங்கி, கிழமைக்குக் கிழமை ரத்தத்திலை வெள்ளை அணு பாத்துப் பாத்துத்தான் கூட்டினது. ஊசியை எட்டிலையிருந்து ஆறு கிழமைக்குக் கொண்டந்தினம். எதிர்ப்பு இப்பதான் துளிர்க்குது, அமத்தினால் அமந்தாலும் அமரும், இல்லாட்டி வெட்டத்தான் வேணும் எண்டு டொக்டர் ஒளிக்காமல் சொல்லிப்போட்டார். அந்த நாலு மாசமும் ரமணன் பஸ்ஸுக்குப் போகேல்லை. சுன்னாகத்தாருக்கு வயித்துக்குள்ளை எப்பன் சூடு எண்டு மனோகரன் சொல்லி வைச்சிருந்தான். அவனுக்குச் சூட்டை விட்டால் வேறை பொய் வராது.

வைகாசியிலை ரத்தம் எடுத்தது. ஊசிக்கு முந்தி, காலமை எட்டே பத்துக்கு. பெட்டியை நானே கோச்சி ஏத்தினனான். மூண்டு கிழமை எனக்குச் சோறு இறங்கேல்லை. நான் எண்ணின மட்டையாலைதானே ஒரு பெடியன்ரை வயித்திலை கத்தி வைக்கப் பாத்தது.

றிப்போட் வந்த அண்டைக்கு டொக்டர் வழமைபோலை குப்புறப் போட்டிட்டு நேரம் கேட்டார். நான் அந்தப் பேப்பரையே பாத்துக்கொண்டு நிண்டன், சுகந்தி மிஸ்ஸிதான் சொன்னவ. திருப்பினார். பேப்பரை மடிச்சு ரமணன்ரை சேட்டுப் பொக்கற்றிலை வைச்சார். "மருந்து நிக்குது. எதிர்ப்பு அமந்திட்டுது. கலியாணத்துக்கு எனக்கும் காட் வரவேணும்." ரமணன் வாங்கிலை இருந்து லேஞ்சியாலை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். யோகமக்கா அழேல்லை, உடனை அடுத்த கரைச்சலைத் தொடங்கிட்டா. கூரையைப் பாத்துக்கொண்டு, முதுகிலை முள்ளுக் குத்தினால் மருந்துக்கு என்னவாம் எண்டு ஆரையோ கேக்கிற மாதிரிக் கேட்டா. டொக்டரும் கூரையைப் பாத்துக்கொண்டு, உந்தக் குளிசை போடுறவைக்குப் புண் சீழ் பிடிக்கும், முள்ளுக்கு நான் ஒருநாளும் விடன் எண்டு சொன்னார். மனிசி ஐயரிட்டைப் போய்க் கேட்டு, மிச்ச ரெண்டையும் பால்காவடியா மாத்திக்கொண்டா.

அந்த ஆவணி நான் பென்சனிலை வந்திட்டன். நல்லூர்த் தேருக்குப் போனனான். சரியான சனம். தண்ணீர்ப் பந்தலடியிலை ரமணன் பால்காவடியோடை வாறான். பின்னாலை மனோகரன் செம்பைப் பிடிச்சுக்கொண்டு, பஸ்ஸிலை கத்துற மாதிரியே வழிவிடுங்கோ, வழிவிடுங்கோ எண்டு வாறான். யோகமக்கா மகனை ஒரு கரைக்கு இழுத்தா. கோபுரத்துக்கு முதுகைக் காட்டித் திருப்பி நிக்கவைச்சு, சீலைத் தலைப்பை விரிச்சு மறைச்சுக்கொண்டு, ஒரு வாழைப்பழத்தைத் தீத்தி, இடுப்பிலை முடிஞ்சிருந்த ரெண்டு மஞ்சள் குளிசையை எடுத்து வாய்க்குள்ளை வைச்சா. அப்பதான் என்னைக் கண்டவ. கிட்ட வந்து காதுக்குள்ளை சொல்லுறா, "பிள்ளை, உள்ளுக்கை போய்க் கும்பிடேக்கை இதைப்பற்றி ஒண்டும் மூச்சு விட்டிடாதை."

விடன் அக்கா எண்டன். ஆனாலும் அவன் விழுங்குமட்டும் நிண்டு பாத்துப்போட்டுத்தான் உள்ளுக்கை போனனான்.